எம்.பி.ஏ. படிக்க வைக்கலாமா?
கடன் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்!

எம்.பி.ஏ!

இந்த மூன்று எழுத்துப் பட்டம் இப்போது வீட்டுக்கு வீடு பேசப்படுகிறது.

"பையன் பி.காம். முடிக்கப் போகிறான். மேலே என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்கிறார், தகப்பனார்.

"எதிர்வீட்டுப் பிள்ளை எம்.பி.ஏ. சேர்ந்திருக்கிறான். நம் பையனையும் அதிலேயே சேர்த்து விடுங்கள்" என்கிறார், தாயார்.

எதிர்வீட்டுப் பிள்ளை படிக்கிறான் என்பது ஒரு காரணம் ஆகுமா? லட்சக்கணக்கில் பணம் செலவாகும் விஷயம் அல்லவா? கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

திண்டுக்கல் நாகல் நகரை எடுத்துக்கொள்வோம். தறிச் சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்டு வளர்ந்த பகுதி அது. சௌராஷ்டிர நெசவாளர்களும் பூட்டுத் தொழிலாளர்களும் உழைத்த தெருக்கள், அவை.

அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். பல குடும்பங்களில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். வழி சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் எதிர்வீட்டைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

இது என்ன படிப்பு?

எம்.பி.ஏ. என்பது தொழில் நிர்வாகப் படிப்பு. ஏதாவது ஒரு பட்டம் பெற்றவர்கள் சேரலாம். பி.ஏ. தமிழ் படித்தவரும் சேரலாம். என்ஜினீயரும் சேரலாம். 2 வருஷப் படிப்பு.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908-ம் வருஷம் இந்தப் படிப்பைத் தொடங்கியது. நம் நாட்டில் ஐ.ஐ.எம். என்னும் மத்திய அரசு நிர்வாகக் கல்வி நிலையங்கள் 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஏற்பட்டன. இப்போது அவை 20-க்கு மேல் இருக்கின்றன. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருப்பது திருச்சி ஐ.ஐ.எம். அது 2011-ல் தொடங்கப்பட்டது.

உள்ளூரிலேயே இந்தப் படிப்பு சொல்லித்தரும் கல்லூரிகளும் உண்டு.

சரக்கு வாங்குவது, ஆட்களை வைத்து வேலை வாங்குவது, கணக்கு வைப்பது, விற்பது, கடன் வாங்கி அடைப்பது - இவைதான் பாடங்கள்.

"இதெல்லாம் நம் தாத்தா செய்த வேலைதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம்! நூல் வாங்கி, பாவு போட்டு, சேலை நெய்து, தீபாவளிக்கு முன் கடைக்குச் சேர்த்தாரே, அதுவும் நிர்வாகம்தான்.

பூட்டும் பிரியாணியும்

திண்டுக்கல் பூட்டின் பெருமை ஊர் அறிந்தது. கையால் செய்த பூட்டு. கள்ளச் சாவி போட்டுத் திறப்பது சுலபம் அல்ல. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊருக்கே உரிய பொருள் என்று அரசு பதிவு செய்து கொடுக்கும் முத்திரை அது.

ஆனால் முத்திரை வருவதற்குள் தொழில் மெலிந்துவிட்டது. அலிகாரில் இருந்தும் மற்ற இடங்களில் இருந்தும் மெஷினில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து குவிந்தன. வயதான தொழிலாளிகளுக்குப் பிறகு பிள்ளைகள் அந்தப் பட்டறைக்கு வரவில்லை.

இதே ஊரில் 1957-ல் ஒரு சிறிய பிரியாணிக் கடை திறக்கப்பட்டது. கடைக்காரர் தலையில் தலைப்பாகை கட்டியிருப்பார். அதனால் "தலப்பாக்கட்டி" என்று ஜனங்கள் அழைத்தார்கள். இன்று அதற்குப் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. வெளிநாடுகளிலும் இருக்கின்றன.

பூட்டு வேறு, சாப்பாடு வேறுதான். இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் கைத்திறமை உண்டு. ஒரு ஊரில் செய்ததைப் பத்து ஊரில் அதே தரத்தில் செய்வது எப்படி? பெயரைக் காப்பது எப்படி? மலிவுச் சரக்கு வந்தால் என்ன செய்வது? கைத்திறமையோடு இந்தக் கேள்விகளுக்கும் பதில் வேண்டும். நிர்வாகம் என்பது அதுதான்.

1957-ல் கடை திறந்தவர் எம்.பி.ஏ. படித்தவர் அல்ல. தொழிலைப் பார்த்துப் பழகியவர். ஆகவே, பட்டம் மட்டும் ஆளை முதலாளி ஆக்காது. தொழில் என்றால் என்ன என்று கண்ணால் பார்த்தவருக்கே அந்தப் பட்டம் நன்றாக உதவும்.

முதல் வருஷம்தான் முக்கியம்

எம்.பி.ஏ. சேரும் யோசனை பட்டப் படிப்பின் கடைசி வருஷத்தில் வருகிறது. ஆனால் அதற்கான தயாரிப்பு முதல் வருஷத்திலேயே ஆரம்பிக்க வேண்டும்.

தமிழில் படித்து வந்த பிள்ளைக்குக் கல்லூரியின் முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கும். பாடம் இங்கிலீஷில் நடக்கும். ஒன்றும் புரியாது. கேட்கக் கூச்சமாக இருக்கும். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கேதான் தவறு ஆரம்பமாகிறது.

தம்பி, தங்கைகளே! புரியாததைக் கேட்பது வெட்கம் அல்ல. முன் பெஞ்சில் உட்காருங்கள். தினமும் அரை மணி நேரம் இங்கிலீஷ் பத்திரிகையை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத ஐந்து வார்த்தைகளை நோட்டில் எழுதுங்கள். ஒரு வருஷத்தில் பயம் போய்விடும்.

ராகிங் என்று யாராவது தொல்லை கொடுத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் இந்தக் கொடுமையில் கொலை செய்யப்பட்டார். நாடே பதறியது. 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 வருஷம் வரை ஜெயில் தண்டனை உண்டு. 1800-180-5522 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்து புகார் சொல்லலாம். பெற்றோரிடமும் மறைக்காதீர்கள்.

படிப்பைத் தவிர வேறு காரியங்களிலும் கலந்துகொள்ளுங்கள். கல்லூரி விழாவுக்கு வசூல் செய்து கணக்குக் கொடுங்கள். விளையாட்டுக் குழுவில் சேருங்கள். நான்கு பேரை அழைத்துப் பேசி ஒரு காரியத்தை முடிக்கப் பழகுவதுதான் நிர்வாகத்தின் முதல் பாடம்.

இரண்டு பேர் கதை

சென்னையில் பிறந்தவர், இந்திரா நூயி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது கிரிக்கெட் ஆடினார். கித்தார் வாசித்தார். 1976-ல் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் பட்டம் பெற்றார். பிறகு உடனே வெளிநாடு போகவில்லை. இங்கேயே கம்பெனிகளில் வேலை பார்த்தார். அதன் பிறகுதான் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு. 2006-ல் பெப்சி கம்பெனியின் தலைமை நிர்வாகி ஆனார். 2018 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இன்னொருவர், சரத்பாபு ஏழுமலை. சென்னை மடிப்பாக்கத்துக்காரர். தாயார் இட்லி விற்றுப் படிக்க வைத்தார். பிள்ளை என்ஜினீயரிங் முடித்து, முதலில் வேலைக்குப் போனார். பிறகு ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்தார். 2006-ல் படிப்பு முடிந்ததும் பெரிய சம்பள உத்தியோகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உணவுத் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். தாயார் செய்த தொழில் அல்லவா? அவர் எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படித்தவர்.

பரீட்சை எது?

ஐ.ஐ.எம்.களில் சேர "கேட்" என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டப் படிப்பில் 50 சதவீத மார்க் தேவை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45 சதவீதம். இங்கிலீஷ் படித்துப் புரிந்துகொள்வது, பட்டியல்களைப் பார்த்து ஆராய்வது, கணக்கு - இந்த மூன்றில் கேள்விகள் வரும். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தப்பாகப் பதில் போட்டால் ஒரு மார்க் போய்விடும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேர அண்ணா பல்கலைக்கழகம் "டான்செட்" தேர்வு நடத்துகிறது. அந்த மார்க்கை வைத்துக் கலந்தாய்வில் இடம் கிடைக்கும்.

பரீட்சை எழுதாமல், பணத்தைக் கட்டி நேராகச் சேரச் சொல்லி யாராவது வந்தால் உஷார்! கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடன் கணக்கு

5 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். வருஷத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் வட்டிக்கே போகும். ஐந்து வருஷத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 10 ஆயிரத்து 600 ரூபாய் கட்ட வேண்டும்.

படிக்கும்போது தவணை கட்ட வேண்டியது இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் வட்டி தூங்காது!

படிப்பு முடிந்து மாதம் 15 ஆயிரம் ரூபாய் சம்பளம் கிடைத்தால், தவணை போகக் கையில் நிற்பது 4 ஆயிரத்து 400. அதில் வெளியூரில் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியுமா? அப்பா மறுபடியும் தறியிலோ பட்டறையிலோ உட்கார்ந்து மகன் கடனை அடைக்க வேண்டியதுதான்.

சிறந்த கல்வி நிலையங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு 2024-ல் மத்திய அரசு "வித்யாலட்சுமி" கடன் திட்டம் கொண்டு வந்தது. சொத்து ஜாமீன் கேட்கமாட்டார்கள். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், வட்டிச் சலுகையும் உண்டு.

கேட்க வேண்டிய கேள்விகள்

கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

சென்ற வருஷம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? என்ன சம்பளம்? அதிகச் சம்பளம் வாங்கிய ஒருவரைக் காட்டுவார்கள். அதை நம்பிவிட வேண்டாம். நடுவில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அங்கே படித்து முடித்த இரண்டு பேரையாவது நேரில் பாருங்கள்.

பிறகு உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்: "இதைப் படித்து என்ன வேலை செய்யப் போகிறாய்?"

பதில் வந்தால் தைரியமாகச் சேருங்கள். பதில் வராவிட்டால் அவசரம் வேண்டாம். இரண்டு வருஷம் ஒரு மில்லிலோ, பாங்கியிலோ, கடையிலோ வேலை பார்க்கட்டும். அதற்குள் தனக்கு எது வரும், எது வராது என்று தெரிந்துவிடும். பிறகு படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே தபால் மூலம் படிக்கவும் வழி இருக்கிறது.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மகளுக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்காதீர்கள். வீட்டு வரவு-செலவைச் சமாளிக்கும் பெண்ணுக்குத் தொழில் நிர்வாகம் வராதா? மகனுக்குப் போடும் அதே கணக்கை மகளுக்கும் போடுங்கள். கணக்கு சரியாக இருந்தால் படிக்க வையுங்கள்.

நாகல் நகர் நெசவாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியது இல்லை. பாவு சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல ஊடை நூல் போட்டாலும் சேலை தேறாது.

முதல் பட்டத்துக்குப் படிக்கும் வருஷங்கள்தான் பாவு. எம்.பி.ஏ. என்பது ஊடை. முதலில் பாவைச் சரி பாருங்கள்!