லீவு வேறு, ஓய்வு வேறு சார்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கல்வராயன் மலை ஏற ஆரம்பித்ததும், வளைவுக்கு வளைவு நம் உயிர் டிரைவர் கையில். அந்த மனுஷன் தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு நாள் லீவு போட்டு, தூங்காமல் பந்தி பரிமாறிவிட்டு வருகிறார். "அதான் ரெண்டு நாள் வீட்ல இருந்தியே, இந்த வாரம் ஆஃப் கிடையாது, வண்டியை எடு" என்று டிப்போவில் சொன்னால், அந்த பஸ்ஸில் ஏறுவீர்களா?

விமானத்தில் ஏறுகிறோமே!

பைலட் எடுத்த லீவை வார ஓய்வில் கழிக்காதே என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) விதி போட்டது. 2024 ஜனவரியில் போட்ட விதிகளில் வார ஓய்வும் 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் 6 முறை வரை தரையிறங்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது. கம்பெனிகள் முனகின. டெல்லி ஹைகோர்ட் வரை போய், 2025 ஜூலை, நவம்பர் என்று இரண்டு தவணையில் அமலுக்கு வந்தது. கிட்டத்தட்ட ரெண்டு வருஷ அவகாசம் சார்! அப்படியும் இண்டிகோ ஆள் சேர்த்துத் தயாராகவில்லை. டிசம்பர் 3 முதல் 5 வரை மட்டும் 2,507 விமானங்கள் ரத்து. மூன்று லட்சம் பேர் ஏர்போர்ட்டில் பெட்டியும் கையுமாக.

'பைலட் என்ன கடைச்சரக்கா, பயிற்சிக்கு எவ்வளவு செலவு தெரியுமா?' என்பார்கள். செலவு யாருடையது? லைசென்ஸ் வாங்கவே அரைக் கோடிக்கு மேல். அதற்கப்புறம் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பல லட்சம். பெரும்பாலும் இதெல்லாம் பையனைப் பெற்றவர் கடன் வாங்கிக் கட்டுவது. சொல்லாமல் கொள்ளாமல் ஓடுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. 2023ல் 43 பைலட்கள் அப்படிக் கிளம்பியதில் ஆகாசா ஏர் கோர்ட்டுக்கே போனது. ஆனால் 2017ல் டி.ஜி.சி.ஏ. போட்ட விதிப்படி கேப்டன் ஒரு வருஷமும் கோ-பைலட் ஆறு மாசமும் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். எந்தத் தொழிலில் முதலாளிக்கு இந்தச் சலுகை இருக்கிறது? அப்புறமும் 'ஆள் இல்லை' என்றால், சும்மா இருக்கும் பைலட்டுக்குச் சம்பளம் தர மனசில்லை என்று அர்த்தம். தண்டச் செலவாம். பஸ்ஸில் ஸ்டெப்னி கூடத் தண்டச் செலவுதான்... டயர் வெடிக்கும்வரை!

அரசாங்கம் என்ன செய்தது? டிசம்பர் 5ஆம் தேதியே லீவு விதியை வாபஸ் வாங்கியது. இண்டிகோவுக்கு மட்டும் இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. ஜனவரியில் 22.20 கோடி அபராதம் போட்டார்கள். 2024-25ல் அந்தக் கம்பெனியின் லாபம் 7,258 கோடி. 365ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 கோடி வரும்.