தகுதி கூறுவோர் தகுதி

தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் பல்கலைக்கழக அணியில் இடம்பெற வேண்டுமெனில் ஓட்டத் திறனும் ஆட்டத் திறனும் மட்டும் போதா. முழுநேர மாணவரென்ற சான்று வேண்டும். வயதுச் சான்று வேண்டும். தாள்கள் அனைத்தும் உரிய நாளுக்குள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சென்றடைய வேண்டும். விதியே கூடாதென்று நாம் வாதிடவில்லை. வயதை மறைத்து ஆடுபவன் உண்மை மாணவனின் இடத்தைத் திருடுகிறான். திருட்டைத் தடுக்க வேலி வேண்டும்தான். ஆனால், வேலியே பயிரை மேய்ந்தால் கேட்பவர் யார்?

அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பேருந்தேறித் தம் கல்லூரியின் ஆட்டங்காண வரும் இளைஞர், சிறந்த ஆட்டக்காரன் களத்துக்கு வெளியே தலைகுனிந்து நிற்கக் கண்டால் காரணம் கேட்பர். "தகுதியில்லை" என்று ஒரே சொல்லில் மறுமொழி வரும். எந்த விதிப்படி? யார் எடுத்த முடிவு? வாய் திறப்பாரில்லை. தவறு மாணவனுடையதா, அன்றி அவன் தாளை மேசையில் உறங்கவிட்டவருடையதா? அதுவும் தெரியாது.

மேசையில் தாள் உறங்குமா என்று ஐயுறுவோர் 2023ஆம் ஆண்டை நினைவுகூர்க. அவ்வாண்டு ஜூனில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. உரிய காலத்தில் அதிகாரிகள் செய்ய வேண்டியதைச் செய்யாமையால் தமிழ்நாட்டு மாணவர் பலர் அங்குச் செல்லவே இல்லை. அவர்கள் ஓடித் தோற்கவில்லை; ஓடவே விடப்படவில்லை! இழந்த ஆண்டை அம்மாணவர்க்கு மீட்டுத் தருவார் யார்?

இதனினும் கொடியது சாந்தி சௌந்தரராஜனுக்கு நேர்ந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைக் கூலித் தொழிலாளரின் மகளாய்ப் பிறந்தவர். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பின்னர்ப் பாலினச் சோதனையில் தேறவில்லையென்று பதக்கத்தைப் பறித்தனர். ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய செய்தி ஊர்ச்சந்தியில் ஏலம் போடப்பட்டது. 2012இல் அவர் மீண்டும் செங்கற்சூளைக்கே கூலி வேலைக்குச் சென்றார். அவர் செய்த குற்றம் என்ன? ஊக்கமருந்து உண்டாரா? பொய்ச்சான்று தந்தாரா? இல்லை, இல்லை! பிறந்தபடி பிறந்தார், பயின்றபடி ஓடினார். பின்னாளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார் என்பது அவர் உரத்துக்குச் சான்று. அவரை ஒதுக்கியோரின் நேர்மைக்குச் சான்றன்று.

ஒடிசாவின் துத்தீ சந்தும் 2014இல் இவ்வாறே தடுக்கப்பட்டார். அவர் பணியவில்லை, விளையாட்டுக்கான நடுவர் மன்றத்தில் வழக்காடினார். விதிக்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லையென்று 2015 ஜூலையில் மன்றம் அதனை நிறுத்தி வைத்தது. உலகத்தை ஆண்ட விதி, "சான்று காட்டுக" என்ற ஒரே கேள்விமுன் நிற்க முடியவில்லை. அப்படியிருக்க, கல்லூரி உடற்கல்வித் துறையின் மேசை மட்டும் கேள்விக்கு அப்பாற்பட்ட கருவறையோ?

"தகுதி, திறமை" என்னும் சொற்கள் நமக்குப் புதியனவல்ல. வாயிலைச் சாத்த விரும்பியோர் நெடுங்காலம் கையாண்ட பூட்டு அது. பூட்டை உடைக்கச் சொல்லவில்லை. சாவி எவர் கையிலுள்ளது என்பதை ஊரறியச் செய்யச் சொல்கிறோம்.

ஆண்டுத் தொடக்கத்திலேயே தகுதி விதிகளைத் தமிழில் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. பெயர் நீக்கினால் காரணத்தை மாணவரிடம் எழுத்தில் தருக. அவர் தரப்பைக் கேட்டபின் முடிவு செய்க. அலுவலகம் தவறியிருந்தால் தண்டனை அலுவலகத்துக்கே ஆகுக. உடல்நலச் செய்தி மாணவருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியதாகுக.

சுவைஞர்களே! பயிற்சியாளரைத் தூற்றிக் கல்லெறிவதால் பயனில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசுக் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் கட்டுப்படுத்தும். பத்து ரூபாய்க் கட்டணத்தில், 30 நாளில் விடை தரவேண்டும். பந்தயத்தின் முன்னாள் கேட்டால் விடை வருமுன் பந்தயம் முடிந்துவிடும். எனவே கல்லூரி திறந்த வாரமே விதிகளைக் கேளுங்கள். நீக்கப்பட்ட மாணவர் தம் கோப்பைத் தாமே கேட்கத் துணை நில்லுங்கள்.

கைதட்டுவது எளிது, கணக்குக் கேட்பது கடினம். ஆட்டக்காரனை வாழ வைப்பது இரண்டாவதே!