கலம் கொடுத்தவருக்கு மருந்து எங்கே?

புற்றுநோயை எதிர்க்க உடலின் சொந்தக் காவற்படையையே ஏவலாம் என்று காட்டியமைக்காக 2018ஆம் ஆண்டில் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. விஞ்ஞானத்தின் மகத்தான வெற்றி அது. ஆயினும் இந்த நிர்ப்பீடன வைத்தியம் பல புற்றுநோய்களிற் சிறுபான்மையான நோயாளருக்கே பலிக்கின்றது. ஏனையோர் பெரும் பொருளை இழந்து, பக்கவிளைவுகளையும் தாங்கி, ஈற்றில் ஏமாற்றத்தையே காண்கின்றனர்.

எவருக்குப் பலிக்கும் என முன்னரே அறிய விஞ்ஞானிகள் வழி தேடுகின்றனர். 2009இல், ஒல்லாந்து தேசத்தின் உத்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் சுண்டெலியின் குடலிலிருந்து பெற்ற ஒரேயொரு மூலக் கலத்தைச் சிறு குடலுருவாக வளர்த்துக் காட்டினர். இம்முறையில் நோயாளியின் கட்டிக்கும் பிரதி வளர்க்கலாம். 2018இல் அம்ஸ்ரடாமிலுள்ள நெதர்லாந்துப் புற்றுநோய் நிலையத்தார் அத்தகைய பிரதிகளோடு அதே நோயாளரின் வெண்குருதிக் கலங்களைச் சேர்த்து வளர்த்தனர். சிலருடைய கலங்கள் தம் கட்டியை இனங்கண்டு தாக்கப் பழகின.

கிண்ணத்துக் கட்டி மனித உடலாகாது. அதிற் குருதிக் குழாய்கள் இல்லை. இச்சோதனை முதிர இன்னும் காலம் செல்லும். அது முதிரும் நாளில் யார் கையில் இருக்கும் என்பதே நமது கேள்வி.

வரலாறு நம்மை எச்சரிக்கின்றது. 1951இல் பால்ற்றிமோர் நகரத்து வைத்தியசாலையொன்றில், ஹென்றியெற்றா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் கட்டியிலிருந்து சம்மதம் கேளாமலே கலங்கள் எடுக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அவருடைய கலங்களோ உலகச் சந்தையின் பண்டமாயின. அவற்றை விற்ற கம்பனியொன்று அவர் குடும்பத்தாருடன் இணக்கத்துக்கு வந்தது 2023இலேதான்!

2017இல் அமெரிக்காவில், நோயாளியின் சொந்தக் கலங்களையே மாற்றியமைத்து மீளச் செலுத்தும் வைத்தியமொன்றுக்குக் குறிக்கப்பட்ட விலை 475,000 டொலர். “செலவிட்டவன் இலாபம் பெற வேண்டாமா?” என்பர் சிலர். உத்ரெக்ட் ஆராய்ச்சி நடந்தது அரச விஞ்ஞானக் கழகத்தின் நிலையத்திலே. மூலதனம் பொதுமக்களுடையது, கச்சாப்பொருள் நோயாளியின் தசை. இலாபம் மட்டும் தனியாருடையதா?

எனவே நாம் கோருவது இதுவே: விளங்கிக்கொண்டு அளித்த சம்மதமின்றி எவருடைய கட்டியும் வளர்க்கப்படலாகாது. வளர்த்த பிரதிகள் தனியுடைமையாகலாகாது. சோதனை முதிர்ந்ததும் அது பொது வைத்தியசாலைகளில் ஏழைக்கும் கிட்டவேண்டும். கட்டியைத் தந்தவர் வாசலில் நிற்க, அதன் பிரதி வணிகரின் பெட்டகத்திற் பூட்டப்படுவதை அறிவுடைய சமுதாயம் பொறுத்தல் ஆகாது.