ஒல்லாந்தர் கவிதையும் நம் மாணவரும்

1638இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் சட்டத்தையும் ‘கந்தோர்’ என்னும் சொல்லையும் நம்மிடம் விட்டுச் சென்றனர். கவிதையை விட்டுச் சென்றாரல்லர். 2018இல் மறைந்த அவர்தம் கவிஞர் மென்னோ விக்மனை நாம் அறிவது டேவிட் கோல்மரின் ஆங்கில மொழிபெயர்ப்பினாலேயாம். அதனை 2016இல் வெளியிட்ட இங்கிலாந்தின் ஆர்க் பதிப்பகமே, லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமும் சாஷா எபலிங்கும் ஆங்கிலமாக்கிய ஈழத்துப் போர்க்காலக் கவிதைகளையும் அவ்வாண்டில் வெளியிட்டது. ஒல்லாந்தரும் நம் துயரை அவ்வழியே படிக்கலாம்.

ஒரு மொழிபெயர்ப்பிலிருந்து மீண்டும் பெயர்த்தால் சுவை குன்றும் என்பர் புலவர் சிலர். குன்றும்; மறுப்பாரில்லை. ஆயினும், 1981இல் நூலான பலஸ்தீனக் கவிதைகளைக் கல்முனைக் கவிஞர் எம். ஏ. நுஃமான் ஆங்கிலவழியே அன்றோ தமிழுக்குத் தந்தார்! அரபு கற்று வருமளவும் அவர் காத்திருந்தாரல்லர். கல்முனை வீரமுனைக்கு அயலூர்தானே! இருமொழியும் கற்ற நம் மாணவர் ஒருவர் விக்மனின் கவிதை ஒன்றையேனும் தமிழாக்கிப் பார்ப்பாராக. திருத்தித்தர ஆசிரியர் இருக்கின்றோம்.