அப்பாவுக்கு டஜன்... புரொபசருக்கு ஹெச்-இண்டெக்ஸ்!

எங்க காலேஜ் கேட்ல போன மாசம் ஒரு ஃபிளெக்ஸ் முளைச்சுது. நாலு புரொபசர்கள் கோட்டு சூட்டோட சிரிச்சுக்கிட்டு நிற்க, மேலே கொட்டை எழுத்துல 'உலகின் டாப் 2 சதவிகித விஞ்ஞானிகள்'! ஒரு பக்கம் கோயில் கும்பாபிஷேக ஃபிளெக்ஸ், மறுபக்கம் காதணி விழா ஃபிளெக்ஸ். நடுவுல விஞ்ஞானம்.

''மச்சி, நம்ம சார் விஞ்ஞானியாடா? லேப்ல ஃபேன் சுத்தலைன்னு ஒரு வருஷமா சொல்றோமே!'' என்றான் பெஞ்ச்மேட். சிரிச்சேன். அப்புறம், அந்த ரெண்டு சதவிகிதத்தை எப்படித்தான் கணக்குப் போடறாங்கன்னு தெரிஞ்சுக்கப் போய், நானே ஒரு விவகாரத்துல மாட்டிக்கிட்டேன். அது கடைசியில. முதல்ல கணக்கு.

ஒரு ஆராய்ச்சியாளர் கட்டுரை எழுதறார். அதை இன்னொருத்தர் தன் கட்டுரையில 'இவர் இப்படிச் சொல்லியிருக்கார்'னு குறிப்பிட்டா, முதல் ஆளுக்கு ஒரு சைட்டேஷன். ஆர்குட்ல டெஸ்டிமோனியல் எழுதுவாங்களாமே, அந்த மாதிரினு அண்ணன் சொன்னான். ஆனா வெறும் மொத்தத்தை எண்ணினா சிக்கல். ஒரே ஒரு கட்டுரை அதிர்ஷ்டத்துல ஹிட் ஆகி, மத்ததெல்லாம் ஃபிளாப் ஆனாலும் மொத்தம் பெருசா தெரியும். வெறும் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்தா, குப்பையா நூறு எழுதினவர் ஜெயிச்சுடுவார்.

2005-ல கலிபோர்னியா பல்கலைக்கழக (சாண்டியாகோ) இயற்பியல்காரர் ஜார்ஜ் ஹிர்ஷ் ஒரு வழி சொன்னார். கட்டுரைகளை சைட்டேஷன் வரிசைப்படி அடுக்கு. 10, 8, 5, 4, 3-னு வெச்சுக்குவோம். குறைஞ்சது நாலு சைட்டேஷன் வாங்கின கட்டுரைகள் நாலு இருக்கு. அஞ்சு வாங்கினது அஞ்சு இருக்கா? இல்லை, மூணுதான். அப்ப இவரோட ஹெச்-இண்டெக்ஸ் 4. அவ்ளோதான்! முதல் கட்டுரைக்கு 10-க்குப் பதிலா பத்தாயிரம் வந்தாலும் அதே 4-தான். எவ்வளவு எழுதினார், எவ்வளவு பேர் படிச்சாங்க, ரெண்டும் ஒரே நம்பர்ல.

இதை சனிக்கிழமை ராத்திரி அப்பாகிட்ட விளக்கினேன். அப்பா ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். வாரம் பூரா எத்தனை டஜன் ஓட்டினார்னு ஒரு சின்ன நோட்டுல எழுதி வெச்சு, சனிக்கிழமை கான்ட்ராக்டர்கிட்ட கணக்கு முடிப்பார். பொறுமையா கேட்டுட்டு, ''சரி சாமி, அந்த பீஸை யாரு செக்கிங் பண்றது?'' என்றார்.

பதில் சொல்லத் தெரியலை. அம்மா செக்கிங் செக்‌ஷன். ஆயில் கறை, ஊசி ஓட்டை, தையல் விட்டது எல்லாம் அம்மா கண்ணுக்குத் தப்பாது. தேறாத பீஸ் ஆல்ட்டருக்குத் திரும்பும், அங்கேயும் தேறலைன்னா செகண்ட்ஸ்னு காதர்பேட்டைக்கு. அம்மா சொன்னது: ''உங்கப்பாவே தெச்சு உங்கப்பாவே செக்கிங் பண்ணினா, ஒரு பீஸும் ஆல்ட்டருக்கு வராது கண்ணு!''

அங்கதான் மேட்டரே. தன் கட்டுரையைத் தானே குறிப்பிடறது செல்ஃப் சைட்டேஷன். இது குற்றமில்லீங்க. போன வருஷம் செஞ்ச வேலையோட தொடர்ச்சியை இந்த வருஷம் எழுதினா பழசைச் சொல்லித்தான் ஆகணும். 2019-ல ஜான் இயோனிடிஸ் குழு உலகம் முழுக்க சுமார் ஒரு லட்சம் ஆராய்ச்சியாளர்களோட கணக்கை வெளியிட்டாங்க. நம்ம ஃபிளெக்ஸ்ல வர்ற 2 சதவிகிதப் பட்டியலுக்கும் மூலம் இவங்க வேலைதான். அதுல செல்ஃப் சைட்டேஷனோட இடைநிலை அளவு 12.7 சதவிகிதம். ஆனா, சென்னையில ஒரு தனியார் தொழில்நுட்ப நிறுவனப் பேராசிரியருக்கு வந்த சைட்டேஷன்ல 94 சதவிகிதம் அவரும் அவரோட சேர்ந்து எழுதினவங்களும் கொடுத்ததுனு 'நேச்சர்' இதழ் எழுதுச்சு. பாதிக்கு மேல இப்படி வாங்கினவங்க உலகம் பூரா 250 பேராவது உண்டாம். நம்ம ஊர் மட்டும் மோசம்னு நெனைச்சுடாதீங்க.

2023 ஜூன்ல அடுத்த செய்தி. சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில இளநிலை மாணவர்கள் நாலு மணி நேரப் பரீட்சை மாதிரி கட்டுரை எழுதறாங்க, அதுல அந்தக் கல்லூரிக் கட்டுரைகளுக்கே ஏகப்பட்ட சைட்டேஷன் போகுதுனு 'சயின்ஸ்' இதழும் 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' அமைப்பும் எழுதினாங்க. தேசிய ரேங்க்கிங்ல கட்டுரைக்கும் சைட்டேஷனுக்கும் மார்க் உண்டு. அந்தக் கல்லூரி 2022-ல பல் மருத்துவத்துல முதலிடம். நம்மளை மாதிரி வயசுப் பசங்க எழுதற கட்டுரைதான் அங்கே நம்பரா மாறுதுனு படிச்சப்ப கொஞ்சம் திக்குனு இருந்துச்சு.

2010-ல யு.ஜி.சி. வாத்தியார் வேலை, ப்ரமோஷனுக்கு ஏ.பி.ஐ. ஸ்கோர்னு பாயின்ட் கணக்கு கொண்டுவந்தப்ப ஆரம்பிச்ச ஓட்டம் இது. கட்டுரை வேணும்னா பத்திரிகை வேணுமே? காசு குடுத்தா ரெண்டு நாள்ல போடற பத்திரிகைகள் புற்றீசலாச்சு. யு.ஜி.சி. பட்டியல்ல இருந்த 1,009 பத்திரிகைகளை ஒரு குழு ஆராய்ஞ்சு, 88 சதவிகிதம் தேறாதுனு 2018-ல 'கரன்ட் சயின்ஸ்'ல எழுதினாங்க. அந்த மே மாசமே 4,305 பத்திரிகைகளை யு.ஜி.சி. தூக்குச்சு. அப்புறம் வந்த 'கேர்' பட்டியலையும் 2025-ல கைவிட்டாச்சு.

சைட்டேஷனை எண்ணற வேலையை ஆரம்பிச்ச யூஜின் கார்ஃபீல்டு இதுக்காக ஆரம்பிக்கலை. 1964-ல அவர் வெளியிட்ட 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' கட்டுரையைத் தேடிப் பிடிக்கிற ஒரு வழி. அதுக்கும் முன்னாடி, 1948-லயே நூலகத்துக்குள்ள கணிதத்தைக் கொண்டுவரணும்னு சொல்லி 'லைப்ராமெட்ரி'னு பேரும் வெச்சவர் நம்ம சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகர். மேத்ஸ் வாத்தியாரா இருந்து லைப்ரரிக்குப் போனவராச்சே! ஹிர்ஷே 2020-ல, தன் இண்டெக்ஸ் சில சமயம் படுமோசமா தோத்துப்போகும், எதிர்பாராத கெடுதலும் செய்யும்னு ஒத்துக்கிட்டார்.

இன்னொரு கூத்து. 1963-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூணு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டாங்க. அஞ்சே பக்கம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்துல மடங்க முடியும், எதுல முடியாதுனு காட்டற வரைபடம். இன்னிக்கும் ஒரு புரதத்தோட வடிவத்தைக் கண்டுபிடிச்சா, அது சரியானு 'ராமச்சந்திரன் பிளாட்'ல வெச்சுத்தான் பார்க்கறாங்க. ஆனா நிறைய பேர் பேரை மட்டும் சொல்லிட்டுப் போயிடுவாங்க. கட்டுரையைக் குறிப்பிட மாட்டாங்க. பாடப் புத்தகத்துக்குள்ளேயே போயிட்டதால யாருக்கும் அவசியம் தோணலை. நியூட்டன் விதியை எழுதறப்ப நாம நியூட்டனுக்கா சைட்டேஷன் போடறோம்?

சரி, என் விவகாரம்.

என் மினி புராஜெக்ட் சாயத் தண்ணி. தேங்காய்த்தொட்டிக் கரியைப் போட்டு நிறம் எவ்வளவு குறையுதுனு அளக்கணும். நொய்யல் கரை ஆளு வேற எதைச் செய்வான்? 2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைகளெல்லாம் மூடினப்ப நான் கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேல. வீட்டுல வேலையில்லாம இருந்த கதையைச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தாங்க. புராஜெக்டுக்காக இந்த சப்ஜெக்ட்ல கட்டுரைகளைத் தேடினா, வந்துட்டே இருக்கு. எலுமிச்சைத் தோல், வேப்பிலை, புளியங்கொட்டை, முட்டை ஓடு... எல்லாத்துலயும் கரி பண்ணி எல்லாரும் 95 சதவிகிதம் நிறம் எடுத்திருக்காங்க! சைட்டேஷனும் நூத்துக்கணக்குல.

பொது சுத்திகரிப்பு நிலையத்துல ஆபரேட்டரா இருக்கற சித்தப்பாகிட்ட பெருமையா காட்டினேன். ஒரே கேள்விதான் கேட்டார். ''இதுல உப்பு எவ்வளவுடா போட்டுப் பார்த்தாங்க?''

திரும்பப் படிச்சேன். நான் பார்த்த கட்டுரைகள்ல பாதிக்கு மேல, வடிகட்டின தண்ணியில சாயப்பொடியைக் கரைச்சுப் பண்ணின சோதனை. நிஜ சாயத்தண்ணியில உப்பு கொட்டிக் கிடக்கும். நிறம் போனாலும் உப்பு போகாது. அதுக்குத்தான் இங்கே ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் கரன்ட்டைக் குடிச்சுக்கிட்டு ஓடுது. இந்தக் கட்டுரைகள்ல ஒண்ணாவது அவரோட பிளான்ட்டுக்குள்ள வந்திருக்கானு கேட்டேன். சித்தப்பா சிரிச்சுட்டு டீ சொல்லப் போயிட்டார். ஹெச்-இண்டெக்ஸ்ல அதுக்குக் கட்டம் கிடையாது.

என் புராஜெக்டையும் கட்டுரையாக்கணும்னு கைடு சொன்னார். எழுதிக் குடுத்தேன். திரும்பி வந்தப்ப கூடவே ஒரு லிஸ்ட். ''தம்பி, இந்த 11 ரெஃபரன்ஸையும் சேர்த்துடு.'' பதினொண்ணும் எங்க டிபார்ட்மென்ட், பக்கத்து டிபார்ட்மென்ட் கட்டுரைகள். ஒண்ணு கான்கிரீட் உத்தரத்தைப் பத்தி. சாயத்தண்ணிக்கும் கான்கிரீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சேர்த்துட்டேன், ஃப்ரெண்ட்ஸ். பொய் சொல்லலை. இன்டர்னல் மார்க் அவர் கையில. 'தொழிற்சாலைகளும் கட்டுமானமும் வளரும் இக்காலத்தில்'னு ஒரு வாக்கியம் ஜோடிச்சு, கான்கிரீட்டை அதுல சொருகினேன். ஜம்முனு உட்கார்ந்துச்சு. அதுதான் பயமா இருந்துச்சு!

அம்மா சொன்னதுக்கப்புறம் தூக்கம் வரலை. ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பதினொண்ணையும் படிச்சேன். ரெண்டு நிஜமாவே நல்லா இருந்துச்சு. உப்பைப் பத்தி எழுதியிருந்தாங்க, என் ரிசல்ட்டுக்கு உதவுச்சு. மத்த ஒன்பதையும் எடுத்துட்டு, 'உப்போட சேர்த்து மறுபடி சோதனை பண்ண ரெண்டு வாரம் வேணும் சார்'னு மெயில் போட்டேன். மறுநாள் காரிடார்ல பிடிச்சார். திட்டுவார்னு நெனைச்சேன். ''எனக்கும் மேலேயிருந்து லிஸ்ட் வருதுப்பா... இந்த வருஷம் இன்க்ரிமென்ட்டே அதை வெச்சுத்தான்'' என்று மெதுவா சொல்லிட்டு, கிளாஸுக்கு மணி அடிச்சதும் போயிட்டார். அந்த முகத்தைப் பார்த்து, கான்கிரீட்டையாவது திரும்பப் போட்டுடலாமானு ஒரு நிமிஷம் தோணுச்சு.

போடலை. சித்தப்பா ரெண்டு கேன் நிஜ சாயத்தண்ணி கொண்டுவந்து குடுத்திருக்கார். கரியைப் போட்டுப் பார்த்தேன். 95 எல்லாம் இல்லை, 61. மெயிலுக்கு இன்னும் பதில் வரலை. வெள்ளிக்கிழமை இன்டர்னல் மார்க் போடறாங்க.