காலுக்கு எட்டிய கடல்

கிரேக்கத்தின் கிரீட் தீவில் கடலோரமாகவே பல நாள் நடக்கலாம். ஐரோப்பாவைக் குறுக்காகக் கடக்கும் ‘ஈ4’ நடைபாதை அந்தத் தீவு வழியாகவும் போகிறது. நடந்து வந்தவர்களின் படங்களைப் பார்த்தால் நமக்கும் கால் பரபரக்கும். விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் அந்தப் பரபரப்பு தானாக அடங்கிவிடும்.

ஆனால் ஜெஞ்சாரோமில் இருக்கும் எனக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. பந்திங் தாண்டினால் மோரிப். அங்கிருந்து தஞ்சோங் சிப்பாட் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நடந்தே கடப்பது என்று நானும் மாமாவும் கிளம்பினோம். மாமாவுக்கு வயது 61. தோட்டத்தில் பிறந்தவர், லாரி ஓட்டியவர், எட்டு வருடமாக இனிப்புநீர் உள்ளவர். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

மோரிப்பில் கடல் வற்றிக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை சேறு. 1945 செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இந்தக் கரையில்தான் இறங்கின. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டது. சுட ஆளில்லை, ஆனாலும் வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றன. அதனால் நாங்கள் கரையோரச் சாலையிலும் கம்போங் பாதையிலுமே நடந்தோம்.

வழியெல்லாம் மாமா கதை சொன்னார். சின்ன வயதில் பக்கத்துத் தோட்டத்தில் படம் போட்டால் இரவோடு இரவாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடுவார்களாம். “அவ்வளவு தூரம் நடப்பீங்களா மாமா?” என்றேன். “நடந்தோம்னு யாரு நெனச்சா? படம் பார்க்கப் போனோம்” என்றார்.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் நாம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்த ஐந்து பேரில் ஒருவருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து பத்துமலை வரை ரதத்தோடு நடக்க நமக்குத் தெரியும். மறுநாள் மூலைக் கடைக்குப் போகக் கார் சாவியைத் தேடுகிறோம்.

பத்து லாவுட் நெருங்கும்போது மாமா பேச்சைக் குறைத்தார். நெற்றியில் வியர்வை, விரலில் லேசான நடுக்கம். நிழலில் உட்கார வைத்து ரத்தம் சோதித்தோம். 3.8. நாலுக்குக் கீழே இறங்கினால் காத்திருக்கக் கூடாது. பையிலிருந்த இனிப்பு பானத்தைக் குடிக்க வைத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம். 5.6. பிறகு பிஸ்கட் கொடுத்தேன்.

“இன்னும் பாதிதானே, நடந்துடலாம்” என்றார். நான் தம்பிக்குப் போன் போட்டேன். கார் வந்ததும் மாமா முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மீதியை நான் மட்டும் நடந்தேன். தஞ்சோங் சிப்பாட்டில் எனக்கு முன்பே போய் உட்கார்ந்து, கையில் சூடான பாவ் வைத்திருந்தார்.

இனிப்புநீர் உள்ள பெரியவர்களோடு நடக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மருந்து நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பசியாறாமல் கிளம்பாதீர்கள். செருப்பு வேண்டாம், காலுறையும் சப்பாத்தும் போடுங்கள். வீடு வந்ததும் பாதங்களைப் பாருங்கள், கொப்புளம் அவர்களுக்கு வலிக்காமலே இருக்கலாம். சோதிக்கும் கருவியும் இனிப்பும் உங்கள் பையில் இருக்கட்டும்.

மாமா இப்போது தினமும் சாயங்காலம் தாமானைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். பத்து லாவுட்டிலிருந்து மீதியை எப்போது நடப்பது என்று வாரம் தவறாமல் கேட்கிறார்.