சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எண்ணூருக்கும் உண்டு

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 5-வது பிரிவு பலருக்குத் தெரியாத ஓர் உரிமையைத் தருகிறது. தனக்கு நாளை மனநோய் வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று வயது வந்த எவரும் முன் அறிவுறுத்தலாக எழுதி வைக்கலாம். நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்து, 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீக்கு இரையாக்கிய ஒரு மாநிலத்துக்கு இது சிறிய மாற்றமல்ல. ஆனால் நடப்பிலுள்ள எந்தச் சட்டத்துக்காவது முரணாக இருந்தால், அப்படி எழுதி வைத்தது செல்லாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உணர்வையும் எண்ணத்தையும் தற்காலிகமாக மாற்றும் சைக்கடெலிக் மருந்துகளான சிலோசைபின், எம்டிஎம்ஏ, எல்எஸ்டி ஆகிய மூன்றும் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே மாத்திரைகளும் மின்னதிர்வுச் சிகிச்சையும் பலன் தராத ஒருவர், மருத்துவரின் மேற்பார்வையில் சைக்கடெலிக் சிகிச்சை வேண்டும் என்று எழுதினால் அது வெற்றுக் காகிதம்தான். தலையில் மின்சாரம் பாய்ச்சி வலிப்பை உண்டாக்கும் சிகிச்சையை, மயக்க மருந்து கொடுத்து, உரிய ஒப்புதலோடு செய்ய அனுமதிக்கும் நாட்டில் இந்த ஒரு கதவு மட்டும் ஏன் முழுதாகச் சாத்தப்பட வேண்டும்?

ஆதாரம் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம் பல நாடுகளில் நடந்த சோதனையின் முடிவுகள் 2022-ல் வெளியாயின. 25 மில்லிகிராம் சிலோசைபின் ஒரே ஒரு முறை பெற்றவர்களில் 37 சதவீதத்தினருக்கு மூன்று வாரத்தில் நோயின் கடுமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. பெயருக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் அப்படிக் குறைந்தது 18 சதவீதத்தினருக்கு. அற்புதம் என்று சொல்ல முடியாது. வெறுங்கை என்றும் சொல்ல முடியாது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் பலருக்கு வந்தன. தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ எல்லாக் குழுக்களிலும் சிலரிடம் காணப்பட்டது. எம்டிஎம்ஏ விஷயத்தில், 2021-ல் வந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி என்ற நிலையிலிருந்தே வெளியே வந்திருந்தார்கள். இருந்தும், எது உண்மை மருந்து, எது போலி என்பது பங்கேற்றவர்களுக்கே தெரிந்துவிடுகிறது என்பது உள்ளிட்ட காரணங்களால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தர மறுத்து, இன்னொரு சோதனை கேட்டது. ஆஸ்திரேலியாவோ 2023 ஜூலை முதல், அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் இந்த இரண்டு மருந்துகளையும் குறிப்பிட்ட நோய்களுக்குத் தரலாம் என்றது. கையில் இருக்கும் சான்று இவ்வளவுதான். கடைத்தெருவில் விற்க இது போதாது. நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, மருத்துவமனைக்குள் கட்டுப்பாட்டோடு தேர்வு செய்ய விடுவதற்கு இது போதும் என்பதே என் வாதம்.

இதை வடசென்னையில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குள் வந்தது. எண்ணூரின் முகத்துவாரக் குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் படகும் வலையும் கரியாகிப்போய், வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளியவர்கள் மீனவர்களே. அந்தக் கறை கையை விட்டுப் போகுமுன், டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எண்ணெய்க் கசிவுக்கு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட பிற குடும்பங்களுக்கு 7,500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. படகையும் பிழைப்பையும் அந்தக் கணக்கு எண்ணியது. இரவில் மூக்கில் ஏதாவது நெடி ஏறினாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும் தாயின் நிலைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

வெளிநாட்டுச் சோதனைகளில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி என்று எழுதப்படுவது ஏறக்குறைய இந்த நிலையைத்தான். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு போன்ற பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சையே பெறுவதில்லை. தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. சிகிச்சை பெறுகிறவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் தீராது என்கின்றன ஆய்வுகள். காசிமேட்டில் மீன் தரம் பிரிக்கப் போகும் பெண்ணோ, துறைமுகத்தில் லாரி வரிசையில் இரவைக் கழிக்கும் ஓட்டுநரோ மாதாமாதம் ஸ்டான்லி மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழப்பது லேசல்ல. பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுவதற்குச் சோம்பேறித்தனமா காரணம்?

முதல் எதிர்ப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: வடசென்னை ஏற்கெனவே கஞ்சாவிலும், வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்திலும் தவிக்கிறது, இதில் இன்னொன்றா? இந்தக் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் தடை மட்டும் என்ன செய்யும் என்பதற்கு இதே சட்டத்தின் வரலாறே சாட்சி. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்ததும் மார்ஃபின் வாங்குவதற்கான உரிமங்களும் படிவங்களும் மருத்துவமனைகளைப் பயமுறுத்தின. நாட்டின் மார்ஃபின் பயன்பாடு நூற்றுக்கணக்கான கிலோவிலிருந்து 1997-ல் 18 கிலோவாகச் சரிந்தது. தெருவில் ஹெராயின் ஒழியவில்லை. புற்றுநோயாளி வலியில் கத்துவது மட்டும் கூடியது. வலி தணிப்பு மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடி, 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனி வகை ஒன்றைச் சேர்த்தது. கெட்டமின் கதை இதற்கு எதிர்ப்புறம். அறுவை அரங்கின் மயக்க மருந்தான அது சென்னை வழியாக மலேசியாவுக்குக் கடத்தப்பட்டுக்கொண்டிருந்தது. 2011-ல் அதை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், ஆனால் அறுவை அரங்கிலிருந்து அதை அகற்றவில்லை. இன்றும் அது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. தீராத மனச்சோர்வுக்கு அதைக் குறைந்த அளவில் கொடுக்கும் மனநல மருத்துவர்களும் இருக்கிறார்கள். பூட்டு, பதிவேடு, பொறுப்பாளர் என்ற முறைக்குள் ஓர் ஆபத்தான பொருளை வைத்துக்கொள்ள நமக்குத் தெரியும்.

கொடைக்கானலைப் பாருங்கள். சிலோசைபின் உள்ள போதைக் காளானைத் தேடி வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், போலீஸ் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. காளான் ஓர் இயற்கைப் பூஞ்சை, அதைச் சட்டம் சொல்லும் கலவையாகக் கருத முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் வழக்கில் சொன்னது. ஆக, அளவு தெரியாத காளானை யாரோ ஒரு தரகரிடம் வாங்கித் தின்பவருக்குச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. அளந்த மருந்தை மருத்துவர் கையால் பெற நினைப்பவருக்கு அதுவும் இல்லை. ரத்த உறவில் யாருக்காவது மனச்சிதைவு நோய் உண்டா என்று தரகர் கேட்கப்போவதில்லை. சோதனைகளில் அதைத்தான் முதலில் கேட்டு, உண்டு என்றால் திருப்பி அனுப்புகிறார்கள்.

அடுத்தது, மனநோயாளிக்குத் தேர்வு செய்யும் தெளிவு இருக்குமா என்ற கேள்வி. மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. விவரத்தைப் புரிந்துகொள்ள, விளைவை எடைபோட, முடிவைத் தெரிவிக்க முடிந்தால் அவருக்குத் திறன் உண்டு. அவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று 4-வது பிரிவு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதோடு, மருந்து வேலை செய்யும் ஆறேழு மணி நேரத்தில் ஒருவர் மனம் திறந்து, மிக எளிதில் வசப்படும் நிலையில் இருப்பார் என்பது உண்மை. கனடாவில் நடந்த ஓர் எம்டிஎம்ஏ சோதனையில் சிகிச்சையாளர் ஒருவர் அத்துமீற முடிந்ததும் அதனால்தான். ஆகவே ஒப்புதல் என்பது முந்தைய வாரத்திலேயே தெளிந்த மனதோடு தரப்பட வேண்டும். தொடுதல் உட்பட எது கூடாது என்பதை நோயாளியே எழுதித் தர வேண்டும். அறையில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும். 5-வது பிரிவின் முன் அறிவுறுத்தல் இதற்கென்றே தைத்த சட்டை போல இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே கடினமாகப் படும் எதிர்ப்பு வேறு. ஆலைகள் காற்றையும் ஆற்றையும் கெடுத்துவிட்டுப் போக, மக்களின் மனதுக்கு மருந்து கொடுத்து அமைதிப்படுத்துவதா? எண்ணூருக்குத் தேவை தூய கழிமுகம், காளான் சாறு அல்ல என்று ஒருவர் கேட்டால் அவர் பக்கம் பெரும் நியாயம் இருக்கிறது. ஆனால் கழிமுகம் தூய்மையாகும் வரை அங்கே உள்ளவர்கள் தூங்காமல் காத்திருக்க வேண்டும் என்பதில் என்ன நியாயம்? கால் முறிந்தவருக்குக் கட்டுப் போடுவதால் இடித்த லாரிக்காரர் மீதான வழக்கு தள்ளுபடியாவதில்லை. சொல்லப்போனால், மனக் காயம் மருத்துவ ஆவணத்தில் ஏறும்போதுதான் பசுமைத் தீர்ப்பாயத்தில் அதற்கு இழப்பீடு கேட்க ஒரு காகிதமாவது கிடைக்கும்.

இதோடு ஒட்டிய அச்சம் ஒன்றும் உண்டு: ஏழைகள் சோதனை எலிகளாவார்கள் என்பது. போபாலில் விஷவாயுவால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே கட்டிய மருத்துவமனையில், 2004 முதல் 2008 வரை அவர்கள் மீதே மருந்துச் சோதனைகள் நடந்ததும், முறையான ஒப்புதல் இல்லை என்ற புகார் எழுந்ததும் நினைவில் இருக்க வேண்டும். அதன் பாடமாக எண்ணூரையே ஒதுக்கி வைத்தால், இந்தச் சிகிச்சை என்றாவது வரும்போது நுங்கம்பாக்கத்தின் தனியார் மருத்துவமனையில் மட்டும்தான் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு இருபதாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. அந்த விலையில் தேர்வு செய்யும் உரிமை யாருக்கு இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இதன் தொடக்கம் அரசு மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் ஸ்டான்லியும் சேர்ந்து, மற்ற எல்லாச் சிகிச்சைகளும் பலனளிக்காதவர்களுக்கு மட்டும், சிறிய அளவில் ஒரு சிலோசைபின் சோதனையைத் தொடங்கலாம். ஒப்புதலைப் பேச்சும் படமுமாகப் பதிவு செய்யலாம். பாதிப்பு வந்தால் 2019-ம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகளின்படி இழப்பீடு தரலாம். நெறிமுறைக் குழுவில் மீனவ கிராமங்களிலிருந்து ஒருவரை உட்காரவைக்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 8-வது பிரிவே மருத்துவத்துக்கும் அறிவியலுக்குமான பயன்பாட்டைத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. விதிகளை வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. தமிழக நல்வாழ்வுத் துறை அந்த அனுமதியைக் கேட்டு டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அனுமதி மறுக்கப்பட்டால், அதற்கான காரணம் எழுத்தில் வரட்டும். அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.